காப்பாற்றியவர் கேட்கும் கூலி

அன்புள்ள ஐயா,

‘வட சென்னை’ படத்தைச் சென்ற வாரம் மறுபடி பார்த்தேன். கேரம் ஆடும் நாயகன் அன்புவின் வாழ்க்கையில் குணா, செந்தில், ராஜன் என்று மூன்று பெரியவர்கள் வருகிறார்கள். மூவருமே குற்ற உலகத்து ஆட்கள். எங்கள் பகுதிப் பையனுக்கு ரவுடியைத் தவிர வேறு குருவே வாய்க்கமாட்டாரா? நானும் கேரம் மன்றத்தில் வளர்ந்தவன்தான். என்மேல் ஒரு வழக்குகூடக் கிடையாது!

ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

வழக்கு இல்லாததற்கு வாழ்த்துகள். உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு.

ஆனால் மூவரையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களே. குணா அன்புவைக் காப்பாற்றுகிறார். அந்த நன்றிக்குக் கூலியாகச் சிறைக்குள் செந்திலைக் கொல்லும் வேலை வந்து சேர்கிறது. கர்ணன் காலத்திலிருந்து நாம் அறிந்த செஞ்சோற்றுக் கடன். கேரம் ஆடித்தான் அன்பு செந்திலை நெருங்குகிறான். சிறையில் நடக்கும் கேரம் போட்டியிலேயே கத்தி இறங்குகிறது. வெற்றிமாறன் அந்தப் பலகையைச் சும்மா வைக்கவில்லை. ஸ்ட்ரைக்கர் எத்தனை காயைக் குழியில் தள்ளினாலும் அதற்கென்று ஒரு குழி கிடையாது. தப்பித்தவறி அதுவே விழுந்தால் அபராதம். குணாவின் விரலில் அன்பு அப்படித்தான் இருக்கிறான்.

ராஜன் வேறு. கடத்தல்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் சிறுவன் அன்புவைக் கேரம் ஆடச் சொல்லித் தூண்டிவிட்டுப் பதிலுக்கு எதையும் கேட்காதவர். கேட்பதற்குள் கொன்றுவிட்டார்கள் என்று நீங்கள் மடக்கலாம். மடக்கினால் மாட்டிக்கொள்வேன்.

நான் உடன்படும் பாதிக்கு வருகிறேன். புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். ஆட்டோ ஓட்டும் அப்பாதான் அவருக்குக் கேரம் கற்றுக்கொடுத்தவர். இந்தக் குருவை வைத்துக் குற்றப்படம் எடுக்க முடியாது, சரி. குற்றக்கதைக்கு உள்ளேயே இருக்கும் ஒருவரையும் அல்லவா விட்டுவிடுகிறார்கள்! பதினெட்டு நிரம்பாத பையன் பிடிபட்டால் அவன் வீட்டுக்குப் போய், அம்மாவிடம் பேசி, பள்ளியில் விசாரித்து, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அறிக்கை எழுதவேண்டிய நன்னடத்தை அலுவலர். 2015ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின், கொடுங்குற்றத்தில் சிக்கிய 16 வயதுக்கு மேற்பட்ட சிறுவனைப் பெரியவர்களைப்போல விசாரிக்கலாமா என்று குழுமம் முதலில் ஆராய்கிறது. பையன் எதிரே உட்கார்ந்திருக்கிறான், மேசைமேல் அந்த அலுவலரின் சில பக்கங்கள் இருக்கின்றன. இதைவிடப் பதற்றமான காட்சிக்கு எந்தத் துறைமுகத்துச் சண்டை ஈடாகும்? வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் கெல்லீஸ் கூர்நோக்கு இல்லத்தைத் தாண்டிப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். திரைக்கதை எழுதுகிறவர்களும் அந்த வழியாகத்தான் போகிறார்கள்.

ஒன்று கேட்கவேண்டும். உங்கள் மன்றத்தில் பலகைக்குப் பவுடர் வாங்கிப் போட்டவர் யார்? பதிலுக்கு அவர் உங்களிடம் என்ன கேட்டார்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.