வளர்ந்த வெட்சியை இடம் மாற்றி நடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு வாசலருகே மாமியார் நட்டு வளர்த்த சிவப்பு வெட்சி (இட்லிப்பூச் செடி) ஐந்தடி உயரத்துக்குப் புதராக நிற்கிறது. தை மாதம் அந்த இடத்தில் கார் ஷெட் கட்டப்போகிறோம். ‘வேலை தொடங்கும் அன்றைக்கே பெயர்த்துப் பின்பக்கம் மதிலை ஒட்டி நட்டுவிடலாம்’ என்கிறார் கொத்தனார். செடி பிழைக்குமா?
- வாசகி, மதுரை

பதில்: பிழைக்கும். ஆனால், கொத்தனார் சொல்வதுபோல இதை ஒரு நாள் வேலையாக எண்ணிவிடாதீர்கள். இது ஆடி மாதம். தை வரை அவகாசம் இருப்பது நல்லதாகப் போயிற்று.

வெட்சி தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. வேர் பிடித்துவிட்டால் நம் வெயிலைத் தாங்கும். ஆனால் அதற்கு நீரை உறிஞ்சித் தருபவை பெரும்பாலும் தடித்த வேர்கள் அல்ல, அவற்றின் நுனியில் இருக்கும் சல்லிவேர்கள். வளர்ந்த புதரில் இவை தூரைவிட்டு வெகுதூரம் தள்ளியே இருப்பதால், கடப்பாரையால் நெம்பி எடுக்கும்போது அத்தனையும் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். கையோடு வருவது தடித்த வேர் மட்டுமே. எனவே தூருக்கு அருகிலேயே புதிய சல்லிவேர்களை முளைக்க வைத்துவிட்டு, அதன் பிறகுதான் பெயர்க்க வேண்டும்.

தூரை நடுவாக வைத்து ஒன்றரை அடி விட்டத்தில் ஒரு வட்டம் போடுங்கள். இந்த மாதம் அந்த வட்டத்தில் பாதியை மட்டும், ஒரு துண்டு விட்டு ஒரு துண்டாக, ஓரடி ஆழத்துக்குக் கூரான மண்வெட்டியால் வெட்டி, பள்ளத்தை மட்கிய எருவும் மண்ணும் கலந்து மூடிவிடுங்கள். தடித்த வேர் குறுக்கிட்டால் கொத்திச் சிதைக்காமல் ரம்பத்தால் அறுப்பது நல்லது. மீதிப் பாதியை ஆவணியில் வெட்டலாம். இரண்டு மாதமும் மண் காயக்கூடாது.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில், அதாவது ஐப்பசித் தொடக்கத்தில், வந்துவிடும். ஒரு நல்ல மழை பெய்த பிறகு, மாலை வேளையில், முன்பு வெட்டிய வட்டத்துக்கு நான்கு விரல் வெளியே தோண்டி, மண்கட்டி உடையாமல் அடியில் ஈரச் சணல் சாக்கை நுழைத்துச் சுற்றிக் கட்டுங்கள். அந்தக் கட்டி நூறு கிலோவைத் தாண்டக்கூடும் என்பதால் இரண்டு மூன்று பேர் சாக்கோடு சேர்த்து இழுக்க வேண்டுமே தவிர, ஒருபோதும் தண்டைப் பிடித்துத் தூக்கக்கூடாது.

மதிலை ஒட்டி நடும் யோசனை எனக்கு உடன்பாடில்லை. வெட்சி சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும் செடி. சுவர்ப் பூச்சிலிருந்தும் சிமெண்ட் இடிபாட்டிலிருந்தும் கசியும் சுண்ணாம்பு மண்ணில் ஏறினால், அது இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் தவிக்கும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இளம் இலை மஞ்சளாக வெளிறினால் காரணம் பெரும்பாலும் இதுதான். மதிலிலிருந்து மூன்றடியாவது தள்ளி, அரை நாள் வெயில் விழும் இடத்தில் நடுங்கள். குழியின் அகலம் கட்டியைப்போல இரு மடங்கு இருக்கலாம். ஆழம் கட்டியின் உயரத்துக்கு மேல் வேண்டாம். தூர் முன்பு இருந்த மட்டத்திலேயே நிற்க வேண்டும். மண்ணை மிதித்து இறுக்காமல், நீர் ஊற்றியே படிய விடுங்கள்.

கிளைகளை மொட்டையடிக்கச் சொல்பவர்கள் உண்டு. இலை இருந்தால்தான் புது வேருக்கு உணவு கிடைக்கும் என்பதால், பூங்கொத்துகளையும் ஒடிந்த கிளைகளையும் மட்டும் நீக்கினால் போதும். இரண்டு மூன்று வாரம் தென்னங்கீற்றால் நிழல் கொடுத்து, தூரைத் தொடாமல் சருகு மூடாக்குப் போடுங்கள். யூரியா கூடவே கூடாது. புதுத் தளிர் நன்றாக விரியும்வரை எந்த உரமும் வேண்டாம்.

மாமியார் வைத்த செடி என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். இப்போதே தாழ்ந்த கிளை ஒன்றின் அடிப்பட்டையை லேசாகச் சீவி, மண்ணுக்குள் வளைத்து, மேலே கல் வைத்துப் பதியம் போட்டுவிடுங்கள். பெயர்ப்பதற்குள் அது வேர்விட்டிருக்கும். தாய்ச்செடி இலை உதிர்த்தாலும் பதறிப் பிடுங்க வேண்டாம். நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் அடுத்த கோடைவரை தவறாமல் நீர் ஊற்றி வாருங்கள், துளிர்த்துவிடும்.