வியாழன் வெள்ளைப் பொட்டாகவே தெரிகிறதா?

76 மி.மீ. ஆடி, 700 மி.மீ. குவியத்தூரம் கொண்ட தொலைநோக்கியில் 4 மி.மீ. ஐபீஸோடு (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) 3 மடங்கு பார்லோவும் (உருப்பெருக்கத்தைக் கூட்டும் துணை வில்லை) போட்டால் வியாழன் குழம்பித் தெரிகிறது என்கிறீர்கள். தொலைநோக்கியில் பழுதில்லை. நீங்கள் வைத்திருப்பது 525 மடங்கு உருப்பெருக்கம் (700 ÷ 4 × 3). அந்த ஆடி தாங்குவது ஏறக்குறைய 150தான். அதற்கு மேல் மங்கலும் நடுக்கமும்தான் கூடும்.

பார்லோவைக் கழற்றிவிடுங்கள். 10 மி.மீ. ஐபீஸ் 70 மடங்கு தரும், அதுவே தாராளம். ஃபோகஸை வியாழனில் பிடிக்காதீர்கள், பக்கத்தில் தெரியும் அதன் நிலவு ஒன்றில் பிடியுங்கள்: அது ஊசிமுனையாகச் சுருங்கும் இடம்தான் சரி.

மொட்டை மாடித் தளம் பகல் சூட்டை இரவிலும் கக்கும், படம் நீருக்கடியில் இருப்பதுபோல் நெளியும். புல்தரையில் வைத்து, குழாய் ஆற அரைமணி கொடுங்கள். வியாழனின் ஒளியில் கண் கூசினால் அந்தி வெளிச்சத்திலேயே பாருங்கள். அதன்மேல் ஓடும் இரண்டு பழுப்புப் பட்டைகளும் அப்போது அழகாகப் பிடிபடும்.