பகல் வேலை, இரவு வகுப்பு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கணக்கர் வேலை பார்த்தபடியே ஐந்தரை ஆண்டுகளில் பகுதிநேரப் பட்டம் முடித்தவள் நான். வந்த கேள்விகளில் நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

ஈசூனிலிருந்து ஒரு தாதி: அக்கா, எனக்கு ஷிஃப்ட் வேலை. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் சேரப்போகிறேன். தவணைக்கு எத்தனை பாடம் எடுக்கலாம்?

முதல் தவணையில் இரண்டுக்கு மேல் வேண்டாம் தங்கச்சி. மாலை வகுப்பு 7 மணிக்குத் தொடங்கினால் 10 மணி வரை போகும். சீக்கிரம் முடிக்கும் ஆசையில் நான் நான்கு எடுத்தேன். எட்டாவது வாரம், வகுப்பு முடிந்து கிங் ஆல்பர்ட் பார்க்கில் ரயில் ஏறினேன். இறங்க வேண்டியது பெண்டமியர். கண் விழித்தபோது எக்ஸ்போ. மறுநாள் கொடுக்க வேண்டிய கட்டுரை மடியில் பாதியில் கிடந்தது. அந்தப் பாடத்தைத் திரும்ப எடுத்தேன், கட்டணமும் இன்னொரு முறை கட்டினேன். நீங்கள் பதிவு செய்யுமுன் தேர்வுத் தேதிகளை ஷிஃப்ட் அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். இரவு ஷிஃப்ட் முடிந்த காலையில் புத்தகத்தைத் தொடாதீர்கள். தூங்கி எழுந்து படிக்கும் ஒரு மணி நேரம்தான் மனதில் நிற்கும்.

துவாஸிலிருந்து ஒரு தம்பி: மேலாளர் ஆறு மணிக்கு விடுவதே இல்லை. எப்படிக் கேட்பது?

எழுத்தில் கேளுங்கள். நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கான முத்தரப்பு வழிகாட்டி (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து வகுத்தது) 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தகுதிகாண் காலம் முடிந்தவர்கள் முறைப்படி விண்ணப்பித்தால், முதலாளி 2 மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்றில்லை. அதனால் மொட்டையாகக் கேட்காமல், "செவ்வாயும் வியாழனும் 5.30க்குக் கிளம்புகிறேன், அந்த நாள்களில் காலையில் முன்னதாக வருகிறேன்" என்று கணக்கோடு கேளுங்கள்.

முழுநேர வெளிநாட்டு மாணவர்: சிராங்கூன் சாலையில் இரண்டு உணவகங்களில் வேலை செய்யலாமா?

முதலில் உங்கள் கல்வி நிலையம், மாணவர்கள் வேலை செய்ய இடமளிக்கும் மனிதவள அமைச்சின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தவணை நடக்கும்போது வாரம் 16 மணி நேரம், இரண்டு கடையும் சேர்த்து. மீறினால், இங்கே தங்கிப் படிக்க அனுமதி தரும் மாணவர் அட்டைக்கே ஆபத்து. தயவுசெய்து விளையாடாதீர்கள்.

இரு பிள்ளைகளின் தந்தை: வீட்டுக்குப் போனால் படிக்க முடியவில்லை. படித்தால் பிள்ளைகள் முகம் பார்க்க முடியவில்லை.

அப்படியென்றால் வீட்டுக்குள் படிக்காதீர்கள், அண்ணா. வகுப்பில்லாத நாள்களில் எங்கள் புளோக் கீழே இருக்கும் கல் மேசையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் படிப்பேன். அப்புறம் மேலே போனால் பையைத் திறக்கவே மாட்டேன். என் மகள் சில நாள் கீழே இறங்கி வந்து, தன் வீட்டுப்பாடத்தோடு எதிரில் உட்கார்ந்துகொள்வாள்.