முழங்கால் வலியோடு தேர்வில் ஓடலாமா? பதவி உயர்வு என்னாகும்?

கேள்வி: அமெரிக்க ராணுவத்தில் ஃபர்ஸ்ட் லெப்டினன்ட்டாக இருக்கிறேன். முழங்கால் வலியால் சில வாரங்களாக ஓட்டப் பயிற்சி இல்லை. அடுத்த மாதம் உடல்தகுதித் தேர்வு. வலியை வெளியே சொல்லாமல் ஓடி முடித்துவிடலாமா? தவறினால் கேப்டன் பதவி உயர்வு நின்றுவிடுமா?

பதில்: தயவுசெய்து அப்படி ஓடாதீர்கள். தேர்வுக்கு முன்பே ராணுவ மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். காலுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, உங்கள் கோப்புக்காகவும்தான். தேர்வைத் தொடங்கிய பிறகு வலி வந்து பாதியில் நின்றால், பதிவேட்டில் ஏறுவது ‘காயம்’ அல்ல, ‘தோல்வி’. ஓடி முடித்த பிறகு மருத்துவச் சீட்டு வாங்கினாலும் அந்த முடிவு மாறாது.

2025 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள தேர்வில் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடை தூக்குதல்), புஷ்-அப், எடையை இழுத்தும் சுமந்தும் ஓடும் ஷட்டில், பிளாங்க் (முழங்கையூன்றி உடலை நேராக வைத்திருத்தல்), இரண்டு மைல் ஓட்டம் என ஐந்து பகுதிகள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 60, மொத்தம் 300 புள்ளிகள் வேண்டும். காலாட்படை போன்ற நேரடிப் போர்ப் பிரிவுகளுக்கு 350. அங்கே ஆண், பெண் இருவருக்கும் ஒரே அளவுகோல். நான்கு பகுதிகளில் எவ்வளவு அள்ளினாலும் ஓட்டத்தில் 60 வராவிட்டால் தேர்ச்சி இல்லை.

தவறினால் வேலை உடனே போய்விடாது. ஆனால் உங்கள் பெயரில் ‘ஃபிளாக்’ என்ற தடைக்குறி விழும். அது இருக்கும்வரை பதவி உயர்வு நிறுத்திவைக்கப்படும்; விருது, பயிற்சிப் பள்ளி போன்றவையும் பெரும்பாலும் அப்படித்தான். பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வந்திருந்தாலும் கேப்டன் பட்டையைக் குத்திக்கொள்ள முடியாது. மறுதேர்வில் தேறியதும் ஃபிளாக் எடுக்கப்படும். சரி, அதோடு முடிந்ததா என்றால் இல்லை.

நான் அதிகம் கவலைப்படுவது அதிகாரிகளின் மதிப்பீட்டு அறிக்கையைப் பற்றித்தான். அதில் உடல்தகுதிக்கென்று தனி இடம் உண்டு. அங்கே ‘ஃபெயில்’ என்று வந்தால் அறிக்கை முழுவதுமே பாதகமானதாகக் கருதப்பட்டு, உங்கள் விளக்கத்துக்காக உங்களிடம் வரும். விளக்கம் எழுதலாம். ஆனாலும் கேப்டன் பதவிக்கான தேர்வுக் குழு அதைப் படிக்கும். ஒருமுறை ஃபிளாக் விழுந்து நீங்கியதைவிட இது நெடுநாள் வலிக்கும். ஒரே பதவி உயர்வுக்கு இரண்டு முறை தேர்ந்தெடுக்கப்படாத அதிகாரி பெரும்பாலும் சேவையை விட்டு வெளியேற வேண்டிவரும் என்பதையும் மனதில் வையுங்கள். அதனால் மதிப்பீட்டு அறிக்கைக்கான காலம் எப்போது முடிகிறது என்று இன்றே பாருங்கள்; அதற்கு முன் மறுதேர்வுக்கு இடம் இருக்கிறதா என்பது முக்கியம்.

மருத்துவர் தரும் ‘புரொஃபைல்’ என்ற கட்டுப்பாட்டுச் சீட்டு வேறு விஷயம். அறிக்கையில் ‘புரொஃபைல்’ என்று வருவது தோல்வி ஆகாது. அது கோழைத்தனம் என்று நினைக்கும் இளம் அதிகாரிகள் உண்டு. அந்த எண்ணமே பலரைச் சிறு வலியிலிருந்து பெரிய காயத்துக்குக் கொண்டுபோகிறது. நிரந்தரப் புரொஃபைல் உள்ளவர்களுக்கு ஓட்டத்துக்குப் பதில் 1 கி.மீ. நீச்சல், 12 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. துடுப்பு வலித்தல், 2.5 மைல் நடை ஆகிய மாற்றுகள் இருக்கின்றன. உங்களுக்கு அது தேவைப்படாமலே போகலாம்.

அப்புறம் பயிற்சி. நின்றுபோன ஓட்டத்தைக் கடைசி இரண்டு வாரத்தில் ஈடுகட்டப் பார்க்காதீர்கள். மூச்சுத்திறன் சீக்கிரம் திரும்பும். எலும்பும் தசைநாணும் மெதுவாகத்தான் பழகும். எலும்பு விரிசல்கள் பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான் வருகின்றன. மருத்துவர் அனுமதித்தால் சைக்கிள், நீச்சலில் மூச்சைத் தக்கவைத்து, தொடை, இடுப்புத் தசைகளை வலுவாக்குங்கள். ஓட்டத்தை நடையும் ஓட்டமும் கலந்து தொடங்கலாம்.

சீட்டு எழுதும்போது எந்தெந்தப் பகுதிகளைச் செய்யலாம், எவை கூடாது, எந்தத் தேதிவரை என்று தெளிவாகக் குறிக்கச் சொல்லுங்கள். அதன் நகலைத் தேர்வு நாளுக்கு முன்பே கமாண்டரிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.