பீரோவுக்குள் பூட்டிய நாவல்

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு அவன் மாமா 'எ ரிங்கிள் இன் டைம்' என்ற ஆங்கில நாவலை வாங்கிக் கொடுத்தார். அறிவியல் கதைதானே என்று விட்டுவிட்டேன். இப்போது ராத்திரி பாத்ரூம் போகக்கூடத் துணைக்கு ஆள் கேட்கிறான். பாதியில் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். நாங்களெல்லாம் அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்கள். பிள்ளைகளைப் பயமுறுத்த அறிவியல் எதற்கு?
- ஒரு தாய், கும்பகோணம்

பதில்: எந்த அம்புலிமாமா அம்மா? மரத்தில் தொங்கும் பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மாதம் தவறாமல் சுடுகாட்டு வழியே விக்கிரமாதித்தன் நடப்பானே, அதுவா? பிணத்துக்குள்ளிருந்து வேதாளம் பேசும். பதில் தெரிந்தும் வாயைத் திறக்காவிட்டால் தலை சுக்குநூறாக வெடிக்கும் என்று மிரட்டும். ஓவியர் சங்கர் போட்ட அந்தப் படம் இன்றைக்கும் உங்கள் கண்ணில் நிற்கும். அன்றைக்கு நீங்களும் பாட்டியை ஒட்டிக்கொண்டுதான் படுத்திருப்பீர்கள்.

சரி, நாவலுக்கு வருவோம். மேடலின் லெங்கிள் எழுதியது. இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிறகு 1962இல் வெளிவந்தது. மறு வருடமே சிறுவர் இலக்கியத்துக்கான அமெரிக்க விருதான நியூபெரி பதக்கம் வாங்கியது. அமெரிக்காவிலும் இதை நூலகத்திலிருந்து எடுக்கச் சொன்ன பெற்றோர் உண்டு. அவர்களில் பலருக்கு உறுத்தியது மத விஷயம். இருட்டை எதிர்த்துப் போராடியவர்கள் என்று இயேசுவோடு ஐன்ஸ்டைன், காந்தி, புத்தர் எல்லாரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துவிட்டார் லெங்கிள்.

அறிவியல் எதற்கு என்கிறீர்கள். கதையில் காணாமல் போன அப்பாவைத் தேடிக் கிளம்பும் பிள்ளைகளுக்கு விசித்திரமான கிழவிகள் வழிகாட்டுகிறார்கள். அவர்களில் ஒருத்தி தன் பாவாடைத் துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்கிறாள். ஒரு கையிலிருந்து மறு கைக்கு எறும்பு ஊர்ந்துபோக நேரமாகும். இரண்டு கையையும் சேர்த்துவிட்டால்? எறும்பு அப்போதே அக்கரையில். விண்வெளியை இப்படி மடித்துத்தான் பிள்ளைகள் கிரகம் விட்டுக் கிரகம் தாவுகிறார்கள். வழியில் தவறுதலாக ஒரு தட்டைக் கிரகத்தில் இறங்கிவிடுகிறார்கள். அங்கே நீளம், அகலம் மட்டும்தான், தடிமன் கிடையாது. மூச்சு விட முடியவில்லை, இதயம் துடிக்க இடமில்லை. பரிமாணம் என்றால் என்னவென்று இதைவிட நறுக்கென்று பாடப்புத்தகத்தில் படித்த ஞாபகம் எனக்கில்லை. இதில் பயத்தை மட்டும் வடிகட்டி எடுத்துவிட்டு அறிவியலை எப்படிக் கொடுப்பது?

அப்புறம் கமசாட்ஸ் கிரகம். ஒரே அச்சில் வார்த்த வீடுகள். வாசலுக்கு ஒரு பிள்ளை. எல்லாப் பந்தும் ஒரே நேரத்தில் தரையில் படுகிறது, ஒரே நேரத்தில் எழும்புகிறது. எல்லாக் கதவும் ஒன்றாகத் திறந்து அம்மாக்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுகிறார்கள். ஒரே ஒரு பையனுக்குத் தாளம் தப்பிப் பந்து ஓடிவிடுகிறது. அவன் அம்மா வெலவெலத்துப் போய் ஓடிவந்து அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறாள். பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது அங்கேதான். (அந்த அம்மாவைப் பள்ளிக்கூடங்களில் ரேங்க் கார்டு கொடுக்கும் நாளில் நிறையப் பார்த்திருக்கிறேன்.)

குறையே இல்லாத புத்தகம் என்று சொல்ல வரவில்லை. கிழவிகள் உபதேசம் செய்யும் பக்கங்கள் இழுவை. முடிவும் அவசரமாக வந்துவிடுகிறது.

ஆனால் நீங்கள் பிடுங்கிய இடத்தை யோசித்துப் பாருங்கள். பாதி தாண்டினால், ஐந்து வயதுத் தம்பி சார்லஸ் வாலஸ் கமசாட்ஸில் மனதை வசப்படுத்தும் சிவந்த கண்காரனின் பிடியில் சிக்கி, தன்னுடையதல்லாத குரலில் அக்கா மெக்கிடம் பேசிக்கொண்டிருப்பான். அப்பா ஒரு தூணுக்குள் அடைபட்டிருப்பார். அந்தக் கட்டத்தில் பூட்டைப் போட்டுவிட்டால் பையன் எப்படித் தூங்குவான்? அப்பா வெளியே வருகிறார், ஆனால் தம்பியை விட்டுவிட்டுத் தப்ப வேண்டியிருக்கிறது; பள்ளியில் வாத்தியார்களிடம் கெட்ட பெயர் வாங்கிய, எதற்கெடுத்தாலும் கோபம் வருகிற மெக்தான் தன்னந்தனியாகத் திரும்பிப் போகிறாள். இதெல்லாம் அவனுக்கு இன்னும் தெரியாது. அவன் பயத்துக்கான மருந்து உங்கள் பீரோவில் இருக்கிறது.

எடுத்துக் கொடுங்கள். ராத்திரி வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து மீதியை நீங்களும் சேர்ந்து படியுங்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: 1973இல் அடுத்த நாவலும் வந்தது. அதில் சார்லஸின் உடம்பிலுள்ள மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே (உயிரணுவுக்குச் சக்தி தரும் நுண்ணிய உறுப்பு) போகிறார்கள். மாமா அதையும் வாங்கிக்கொண்டு வருவார்.