கேள்வி பதில்: ஏதென்ஸ் மக்களாட்சியும் பண்டைய கிரேக்கமும்

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். "கிரேக்கர்கள் இப்படிச் செய்தார்கள்" என்று எங்கேனும் படித்தால், எந்த நகரம், எந்த நூற்றாண்டு என்று கேட்காமல் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். பண்டைய கிரேக்கம் ஒரு நாடாக இருந்ததே இல்லை. மொழியாலும் தெய்வங்களாலும் இணைந்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகர அரசுகள், தத்தம் சட்டத்தோடும் நாட்காட்டியோடும் வாழ்ந்தன. நான் ஆழ்ந்து படித்தது கி.மு. 508 முதல் 322 வரையிலான ஏதென்ஸை மட்டுமே. ஆகவே என் பதில்கள் பெரும்பாலும் அந்த எல்லைக்குள் நிற்கும்.

கேள்வி (கல்லூரி மாணவி): ஏதென்ஸில் தேர்தல் எப்படி நடந்தது, ஐயா? கட்சிகள் இருந்தனவா?

இன்றைய பொருளில் கட்சிகள் இல்லை. தேர்தலும் சில பதவிகளுக்கு மட்டுமே இருந்தது. மக்களாட்சி என்றாலே தேர்தல்தான் என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் பதவிகளைச் சீட்டுக் குலுக்கி நிரப்புவதே மக்களாட்சிக்கு உரியது, வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது சிலராட்சிக்கு உரியது என்பதே அவர்களுடைய கருத்து என அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். தேர்தல் வைத்தால் செல்வமும் குலப்பெருமையும் நாவன்மையும் உடையவர்களே திரும்பத் திரும்ப வெல்வார்கள் என்பதை அவர்கள் நேரில் கண்டிருந்தார்கள்.

கி.மு. 508இல் கிளைஸ்தனீஸ் குடிமக்களைப் பத்துப் பிரிவுகளாகப் பகுத்தார். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் 50 பேர் வீதம் ஐந்நூற்றுவர் மன்றம் அமைந்தது. முப்பது வயது நிரம்பியவர்களே அதில் அமரலாம், பதவிக்காலம் ஓராண்டு, வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் கூடாது. ஆண்டின் பத்தில் ஒரு பங்குக்கு ஒரு பிரிவின் ஐம்பதின்மர் தலைமைக் குழுவாக இருந்தனர். அவர்களுள் ஒருவர் நாள்தோறும் சீட்டில் தேர்வாகி, ஒரு பகலும் ஓர் இரவும் கருவூலச் சாவியையும் அரச முத்திரையையும் வைத்திருந்தார். அந்தப் பொறுப்பு ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறைதான். கி.மு. நான்காம் நூற்றாண்டில் வயது வந்த ஆண் குடிமக்கள் ஏறத்தாழ 30,000 பேர் என மதிப்பிடுகிறார்கள். அப்படியானால், ஒரு தலைமுறைக்குள் எத்தனை உழவர்களும் குயவர்களும் அந்த மன்றத்தில் அமர்ந்து எழுந்திருப்பார்கள் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலே, ப்னிக்ஸ் குன்றின் மேல் கூடிய மக்கள் பேரவை இருந்தது. எந்தக் குடிமகனும் அங்கே எழுந்து பேசலாம், கை உயர்த்தி வாக்களிக்கலாம்.

கேள்வி: சாக்ரடீசுக்கு நஞ்சு கொடுத்த அரசன் யார்?

அரசன் எவனும் இல்லை. கி.மு. 399இல் சுமார் 500 நடுவர்கள் அமர்ந்த மக்கள் நீதிமன்றம் அவருக்குத் தண்டனை வழங்கியது. அந்த நடுவர்களும் சீட்டில் தேர்வானவர்களே.

கேள்வி (ஓய்வுபெற்ற பொறியாளர்): அப்படியானால் தங்கள் முதல் பதில் தன்னைத்தானே மறுக்கிறதே? கப்பலோட்டியையோ தச்சனையோ சீட்டுக் குலுக்கி யாரும் தேர்ந்தெடுப்பதில்லை என்று சாக்ரடீசே சொன்னதாகப் படித்திருக்கிறேன். தகுதியற்றவர்களைச் சீட்டில் பொறுக்கி எடுத்ததால்தானே அவரையே கொன்றார்கள்?

வலுவான கேள்வி. அந்தக் கருத்தைச் சாக்ரடீஸ் கூறியதாக அவருடைய மாணவர் செனபோன் எழுதியிருப்பது உண்மை. ஆனால் ஏதென்ஸ் கப்பலோட்டியைச் சீட்டில் எடுக்கவில்லை. தனித்திறன் வேண்டிய பதவிகளை அவர்கள் பிரித்தே வைத்திருந்தார்கள். பத்துப் படைத்தலைவர்களும் ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப வரலாம். பெரிக்ளீஸ் தொடர்ந்து பதினைந்து ஆண்டுகள் அவ்வாறே வந்தார். சந்தை அளவைகளைச் சரிபார்ப்பது, சிறைச்சாலையைக் கவனிப்பது போன்ற பணிகளுக்குத்தான் சீட்டு. அவற்றையும் தனி ஆளிடம் விடாமல் பெரும்பாலும் பத்துப் பேர் கொண்ட குழுவிடம் விட்டார்கள். பதவியேற்கும் முன் தகுதி ஆய்வு, பதவி முடிந்ததும் கணக்குத் தணிக்கை. தவறு கண்டால் வழக்கு.

கேள்வி (அதே பொறியாளர்): குழுவும் தணிக்கையும் திறமைக்கு ஈடாகுமா? அறியாத பத்துப் பேர் சேர்ந்தால் அறிவு வந்துவிடாது. சாக்ரடீஸின் வழக்கைத் தாங்கள் இன்னும் விளக்கவில்லை.

விளக்குகிறேன். அதற்கு முன், அந்த வழக்குக்கு ஏழு ஆண்டுகள் முற்பட்ட ஒரு நிகழ்வைக் கேளுங்கள்.

கி.மு. 406இல் ஆர்கினூசே கடற்போரில் ஏதென்ஸ் வென்றது. ஆனால் புயலால், மூழ்கிய கப்பல்களின் வீரர்களைக் காப்பாற்ற முடியாமல் போனது. சினமுற்ற பேரவை, படைத்தலைவர்கள் எட்டுப் பேரையும் தனித்தனியே விசாரிக்காமல் ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்க முற்பட்டது. அது சட்டத்துக்கு முரணானது. அன்று தலைமைக் குழுவில் இருந்தவர்களுள் ஒருவர், கூட்டத்தின் மிரட்டலுக்கு அஞ்சாமல் கடைசிவரை மறுத்து நின்றார். அவர் சாக்ரடீஸ். அந்த இடத்துக்கு அவர் வந்தது சீட்டின் வழியாக! வாக்குக் கேட்டுப் பதவி தேடியிருக்கவே மாட்டாத ஒரு மனிதரைச் சட்டத்தின் காவலராக நிறுத்தியது அந்த முறைதான். பேரவை அவர் சொல்லைக் கேட்கவில்லை; அந்த எட்டுப் பேருள் நகரில் இருந்த ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். பின்னர் அதே மக்கள் அதற்காக வருந்தினார்கள்.

இனி 399. மெலிட்டஸ், அனிட்டஸ், லைக்கான் ஆகிய மூவர் வழக்குத் தொடுத்தார்கள். நகரத்தின் தெய்வங்களை ஏற்கவில்லை, புதிய தெய்வசக்திகளைப் புகுத்துகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார் என்பன குற்றச்சாட்டுகள். ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர்தான், போரில் ஏதென்ஸை வென்ற ஸ்பார்ட்டாவின் ஆதரவுடன் முப்பது பேர் கொண்ட கொடுங்கோலாட்சி ஏதென்ஸில் கொலைகளை நடத்தியிருந்தது. அதன் தலைவர்களுள் ஒருவரான கிரிட்டியாஸ், முன்பு சாக்ரடீஸோடு பழகியவர். மக்களாட்சி மீண்டபோது பொதுமன்னிப்பு வழங்கப்பட்டதால், பழைய அரசியல் குற்றங்களை வழக்காக்க முடியாது. அந்தக் காயம் வேறு பெயரில் நீதிமன்றத்துக்கு வந்தது என்றே நான் கருதுகிறேன். பிளேட்டோவின் கணக்குப்படி முப்பது வாக்குகள் இடம் மாறியிருந்தால் அவர் விடுதலையாகியிருப்பார். ஏறத்தாழப் பாதிப் பேர் அவர் பக்கம் நின்றார்கள் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். தீர்ப்புத் தவறானது, அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அந்தத் தவற்றைச் செய்தவை அச்சமும் போரின் தோல்வியும். சீட்டின் மேல் மட்டும் பழியைப் போடுவது நேர்மையன்று.

கேள்வி: சாக்ரடீஸ் ஏன் சிறையிலிருந்து தப்பவில்லை? எந்த மன்னனின் சிறை அது?

மன்னன் இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அன்புகூர்ந்து முந்தைய பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள். நண்பர் கிரிட்டோ தப்பிக்க வழி செய்ய முன்வந்தார். தம்மை வளர்த்த நகரத்தின் சட்டங்களை மீற மாட்டேன் என்று சாக்ரடீஸ் மறுத்தார்.

கேள்வி: "உன்னையே நீ அறிவாய்" என்று சாக்ரடீஸ் எந்த நூலில் எழுதினார்?

அவர் எந்த நூலும் எழுதவில்லை. அந்த வாசகம் டெல்ஃபியில் அப்பல்லோ கோயிலில் பொறிக்கப்பட்டிருந்தது. அவர் பெயரில் உலவும் மேற்கோள்களைப் பிளேட்டோவிலோ செனபோனிலோ காட்ட முடியாவிட்டால், பகிராதீர்கள்.

கேள்வி (பள்ளி ஆசிரியை): பெண்களும் அடிமைகளும் இல்லாத ஒன்றை மக்களாட்சி என்று புகழ்வது எனக்கு வலிக்கிறது. தாங்கள் இதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லையே, ஐயா?

எழுதாதது என் பிழை, அம்மா. பெண்களுக்குப் பேரவையில் இடமில்லை. வழக்காடவும் ஆண் உறவினர் வேண்டும். கி.மு. 451இல் பெரிக்ளீஸ் கொண்டுவந்த சட்டப்படி, தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ் குடிவழியினராக இருந்தால்தான் மகன் குடிமகன். ஆகக் குடியுரிமையைக் கடத்த அவள் வேண்டும். பயன்படுத்த அவள் கூடாது. நகரத்தின் தலையாய தெய்வத்துக்குப் பூசை செய்தவள் மட்டும் ஒரு பெண். அக்ரோபோலிஸின் அத்தீனா பூசகி.

அடிமைகளின் நிலை இன்னும் கொடியது. லாரியன் வெள்ளிச் சுரங்கங்களில் தவழ்ந்து செல்லும் அளவே உள்ள சுருங்கைகளில் அவர்கள் உழைத்தார்கள். படைத்தலைவர் நிக்கியாஸ் தம்முடைய ஆயிரம் அடிமைகளைத் தலைக்கு நாளொன்றுக்கு ஓர் ஒபோல் (சிறு வெள்ளி நாணயம்) வாடகைக்கு விட்டிருந்ததாகச் செனபோன் குறிக்கிறார். ஏதென்ஸின் கப்பற்படை எழுந்தது அந்த வெள்ளியில்தான். நீதிமன்றத்தில் ஒரு நாள் அமர்ந்த நடுவருக்கு மூன்று ஒபோல் ஊதியம் என்பதையும் அருகில் வைத்துப் பாருங்கள். குடிமகனின் ஓய்வுக்கு அடியில் கிடந்த உழைப்பு யாருடையது என்பதை மறைத்து ஏதென்ஸைக் கற்பிக்கக் கூடாது.

கேள்வி: தெர்மோபைலேயில் 300 பேர் மட்டும்தானே போரிட்டார்கள்?

இல்லை. கி.மு. 480இல் பாரசீகப் படையைத் தடுத்த அந்தப் போரின் கடைசி நாளில், 300 ஸ்பார்ட்டர்களோடு தெஸ்பியே நகரத்தார் 700 பேரும் உடன் நின்று மடிந்தார்கள். அவர்களை மறந்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி: உத்திரமேரூர்க் குடவோலை ஏதென்ஸிலிருந்து வந்ததா?

அதற்குச் சான்று இல்லை. இரண்டுக்கும் இடையே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள். குடவோலையைக் கல்வெட்டு அறிஞரிடம் கேளுங்கள்.

கேள்வி: சங்க இலக்கிய யவனர் ஏதென்ஸ்காரர்களா?

எந்த நகரம், எந்த நூற்றாண்டு? ஆசியா மைனரின் மேற்குக் கரையில் வாழ்ந்த அயோனியக் கிரேக்கரைப் பாரசீகர் "யௌனா" என்றனர். அச்சொல் வட இந்திய மொழிகளில் யோன, யவன என்றாகித் தமிழுக்கு வந்தது. முசிறிக்கு வந்தவர்களோ பெரும்பாலும் ரோம ஆட்சிக்குட்பட்ட எகிப்திலிருந்து வந்த வணிகர்கள். அவர்களுள் பலர் கிரேக்க மொழியில் எழுதினார்கள். முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் ஒன்று கிரேக்க மொழியில் எழுதிய பாப்பிரஸ் தாளாக இன்றும் வியன்னாவில் இருக்கிறது. அது கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பெரிக்ளீஸ் மறைந்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகியிருந்தது.

கேள்வி: சாக்ரடீஸைக் கொன்ற மன்னனின் பெயர்...

மேலே பார்க்கவும்.

கேள்வி (பொறியாளர்): ஒன்றே ஒன்று. சீட்டில் மோசடி நடக்காமல் எப்படித் தடுத்தார்கள்?

இதைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். தேர்தல் அல்லது வாக்கெடுப்பில் மோசடிக்குச் சான்று உண்டு. ஒருவரைப் பத்து ஆண்டுகள் நாடு கடத்த, பானை ஓட்டில் பெயர் எழுதி வாக்களிப்பார்கள். குறைந்தது 6,000 ஓடுகள் விழ வேண்டும். அக்ரோபோலிஸின் வடசரிவில் ஒரு கிணற்றில் அரசியல் தலைவர் தெமிஸ்டோக்ளீஸின் பெயர் எழுதிய 190 ஓடுகள் கிடைத்தன. கையெழுத்தை ஆராய்ந்தால் 14 பேரே எழுதியிருக்கிறார்கள். முன்கூட்டியே எழுதி வழங்கத் தயார் செய்தவை அவை.

சீட்டுக்கோ, நான்காம் நூற்றாண்டில் கிளெரோட்டேரியன் என்ற கற்பொறி இருந்தது. ஆளுயரக் கற்பலகையில் வரிசை வரிசையாகப் பிளவுகள். ஒவ்வொரு குடிமகனும் தன் பெயர் பொறித்த வெண்கலத் தகட்டைக் கொடுக்க, அது ஒரு பிளவில் செருகப்படும். பக்கத்துக் குழாயில் கருப்பும் வெள்ளையுமான உருண்டைகளைக் கலந்து கொட்டி, ஒவ்வொன்றாக விடுவிப்பார்கள். வெள்ளை விழுந்தால் அந்தக் கிடை வரிசையில் உள்ள அனைவரும் அன்றைய நடுவர்கள். கருப்பு என்றால் வரிசை முழுவதும் வீடு திரும்பும். எந்த வழக்கு எந்த நடுவர்களிடம் போகும் என்பது அன்று காலைவரை யாருக்கும் தெரியாததால், முன்னதாகக் கையூட்டுக் கொடுக்க ஆள் கிடைக்காது.

ஏதென்ஸ் அகோரா அருங்காட்சியகத்தில் அந்தப் பலகையின் ஒரு துண்டு இருக்கிறது. ஒரு சாண் நீளம்கூட இல்லாத வெண்கலத் தகடுகளும் பல கிடைத்திருக்கின்றன. சிலவற்றில் பழைய பெயரை அழித்து வேறொருவர் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். சில, தகட்டுக்கு உரியவரோடு கல்லறையில் வைத்துப் புதைக்கப்பட்டவை.