மேய்ச்சல் நிலக் கண்காணிப்புக் குழுவில் தலைவருக்கு என்ன வேலை?

அமெரிக்காவின் பொது மேய்ச்சல் நிலங்களில் செடியையும் மண்ணையும் கணக்கெடுக்கும் குழுவுக்குத் தலைவர் எதற்கு, நாடா பிடித்து அளப்பதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

அளப்பது சுலபம். ஆளுக்கு ஆள் மாறாமல் அளப்பதுதான் பெரும்பாடு. அங்குள்ள நில மேலாண்மைப் பணியகத்தின் முறைப்படி, நடுப்புள்ளியைச் சுற்றி மூன்று திசைகளில் 25 மீட்டர் நாடா விரிப்பார்கள். அரை மீட்டருக்கு ஒருமுறை மெல்லிய கம்பியைச் செங்குத்தாக இறக்கி, அதில் எந்தச் செடி படுகிறது, அடியில் சருகா கல்லா வெறும் மண்ணா என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் டேப்லெட்டில் பதிவார். மொத்தம் 150 புள்ளிகள். பக்கத்தில் சேஜ்பிரஷ் புதர் இருந்தால் கை தன்னால் அந்தப் பக்கம் சாயும். அதைக் கண்டுபிடிக்கத்தான் தலைவர், எல்லோரையும் ஒரே நாடாவில் தனித்தனியாக அளக்கவிட்டு எண்களை ஒப்பிடுவார்.

எனக்குப் பிடித்தது மண் சோதனை. மிளகைவிடச் சற்றே பெரிய 18 மண்கட்டிகளைச் சின்னச் சல்லடைகளில் வைத்துத் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். ஐந்தே விநாடியில் பாதி குலைந்தால் மதிப்பெண் 1. ஐந்து நிமிடம் தாங்கி, பிறகு ஐந்து முறை முக்கியெடுத்தும் முக்கால்வாசி நின்றால் 6. கட்டி ஈரமாக இருந்தால் காயவைக்காமல் தொடக்கூடாது. அவசரத்தில் இதைத்தான் கோட்டைவிடுவார்கள்.

குடிதண்ணீர், ஸ்டெப்னி டயர், மின்னல் வந்தால் எப்போது கிளம்புவது என்பதெல்லாமும் தலைவர் பாடுதான்.